கருவாட்டு வண்டியும் புளிய விளாறும்

அத்தாச்சி,

நேற்று உங்கள் புளிய விளாறு ஒடிந்துவிட்டது. மூன்று துண்டாகப் போனது. ரெண்டு துண்டு என் கையோடு வந்தன. மூன்றாவது, நார்த்தாமலை விலக்குக்குத் தெற்கே ரோட்டோரச் சரளையில் எங்கேயோ கிடக்கிறது. காலையில் அந்த ரெண்டையும் உங்கள் மொபெட்டின் தகரப் பெட்டியில் போட்டு வைக்கலாமென்று மூடியைத் திறந்தேன். நெத்திலியும் வாளைக் கருவாடும் கலந்த அந்த வாசம் மூஞ்சியில் அறைந்தது. நீங்கள் போய் ரெண்டு மாதமாகிறது. பெட்டிக்குள் ஒரு செதில்கூடக் கிடையாது. சோப்புத்தூள் போட்டு மூன்று தடவை கழுவியும் பார்த்துவிட்டேன். உயிரோடு இருந்தபோது நீங்கள் யார் பேச்சையும் கேட்டதில்லை. இப்போது உங்கள் வாசமும் கேட்க மாட்டேன் என்கிறது.

நேற்று ஓட்டம். திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு வருஷா வருஷம் பங்குனியில் நடக்கிற அதே ஓட்டம். விளாறு எப்படி ஒடிந்தது என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதை மட்டும் சொன்னால் “மொட்டையாப் பேசாதடி, மொதல்லேருந்து சொல்லு” என்பீர்கள். முதலிலிருந்தே சொல்கிறேன்.

நான் கீரனூருக்கு வாக்கப்பட்டு வந்தபோது இந்த வீட்டில் இருந்தது நீங்கள் ஒருத்திதான். உங்கள் தம்பி தாலி கட்டிய நாற்பதாம் நாள் குவைத்துக்கு ஏறிவிட்டார். நீங்களோ, கட்டிக்கொடுத்த இடத்தில் ஆறு வருஷம் அடி வாங்கி, ஏழாம் வருஷம் ஒருநாள் உலக்கையை எடுத்துத் திருப்பி அடித்துவிட்டு, ஒரு மஞ்சப்பையோடு பிறந்த வீடு வந்து சேர்ந்தவர். கோட்டைப்பட்டினத்தில் கருவாடு எடுத்து வந்து, மொபெட்டில் குளத்தூர், அன்னவாசல் பக்கமெல்லாம் ஊர் ஊராக விற்றீர்கள். கருவாட்டு வண்டி என்றால் எந்த ஊர் நாயும் சும்மா விடாது. அதற்காகத்தான் அந்த விளாறு. புளியங்கிளையைப் பச்சையாக வெட்டி, அடுப்பில் வாட்டி, எண்ணெய் தடவி, ஹேண்டிலோடு சேர்த்துக் கட்டியிருப்பீர்கள். நாய்க்கு என்றுதான் வைத்திருந்தீர்கள். மனிதர்களும் வாங்கினார்கள்.

நான் பெட்ரோல் பங்கில் வேலைக்குப் போனேன். ஓட்டம் எங்கள் பங்க் வழியாகத்தான் போகும். ஒரு வருஷம், ஒரு பெண் எங்கள் காற்றுப் பம்பைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்தாள். மறுபடி ஓடினாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, நானும் ஓடப்போகிறேன் என்று சொன்னேன்.

“ஏன், ஒன்னய எவன் தொரத்துறான்?” என்றீர்கள்.

“கோவம் வருது அத்தாச்சி. எந்நேரமும் வருது. ஓடுனாத்தான் அடங்கும்போல இருக்கு.”

மறுநாள் விடியக்கருக்கலில் வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. “நாய் கடிக்கும். நான் பின்னாடி வாரேன்.” அவ்வளவுதான் நமக்குள் பேச்சு. அதன்பிறகு தினமும் வந்தீர்கள்.

அந்த ஓட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு துணையாள். வண்டியில் தண்ணீரும் குளுக்கோசும் வைத்துக்கொண்டு பின்னாலேயே வரலாம், தண்ணீரை நீட்டலாம், திட்டலாம். தொட மட்டும் கூடாது. துணையாள் கை ஒருமுறை மேலே பட்டால் அத்தோடு ஓட்டம் முடிந்தது. அடுத்தவர் கை பட்டால் கணக்கில்லை, நடுவர்கூட யாரையும் நிறுத்த மாட்டார். ஓடுகிறவரை நிறுத்தும் உரிமை துணையாள் ஒருவருக்குத்தான். “கை வைக்கிறது” என்பார்கள். ஒரு தடவை கை வைத்துவிட்ட துணையாளை அடுத்த வருஷம் யாரும் கூப்பிடுவதில்லை. நீங்கள்தான் எனக்குத் துணையாள் என்று பேர் கொடுத்தபோது இதையெல்லாம் படித்துக் காட்டினேன். “தொடாம வாரதுக்கு என்ன, நீ என்ன சாமி செலையா?” என்றீர்கள்.

முதல் வருஷம் நாம் செய்த முட்டாள்தனத்தை இந்தத் தாலுக்காவில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். முந்தின நாள் வியாபாரம் முடிந்த கருவாட்டுப் பெட்டியைக் கழுவாமல் அப்படியே, அதற்குள்ளேயே என் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள். மாத்தூரில் முதல் நாய் எழுந்தது. களமாவூர் வருவதற்குள் எட்டு நாய்கள். மற்றவர்கள் எல்லாரும் ரோட்டில் ஓடினார்கள், நான் பற்களுக்கு முன்னால் ஓடினேன். ஒரு செவலை பாய்ந்து என் கெண்டைக்காலைக் கவ்வியது. நீங்கள் வண்டியில் இருந்தபடியே வீசிய வீச்சில் அதன் மூக்குத்தண்டு பிளந்தது. விடவில்லை. இறங்கி அடித்தீர்கள். அதன் வாய் திறக்கும்வரை அடித்தீர்கள். விளாறு முழுக்க ரத்தமும் ரோமமும்.

நான் நின்றுவிட்டேன். காலில் ரத்தம் செருப்பு மாதிரி ஒட்டியது.

“ஊசி சாயங்காலம் போட்டுக்கலாம். ஓடு!”

முதலாவதாக வந்தேன். அந்த நாய்கள் இல்லாவிட்டால் நான் பத்தாவதாகக்கூட வந்திருக்க மாட்டேன் என்று கீரனூரே கேலி பேசியது. பெண்களுக்கான சுழற்கோப்பை, என் இடுப்பு உயரம், நம் வீட்டுக்கு வந்தது. தொடர்ந்து மூன்று வருஷம் ஜெயித்தால் அது திரும்பிப் போகாது, நம் வீட்டிலேயே தங்கிவிடும். அதை டிவி பக்கத்தில் வைத்து, தினமும் முந்தானையால் துடைத்தவர் நீங்கள்தான்.

ரெண்டாம் வருஷம் பொன்னமராவதிக்காரி வந்தாள். நல்ல ஓட்டக்காரி. அவள் புருஷன்தான் அவளுக்குத் துணையாள், பைக்கில் வந்தான். களமாவூர் தாண்டியதும் அவன் என் பக்கமே வண்டியை விட்டு உறுமினான். புகையை மூஞ்சிக்கு நேரே விட்டான். ஓரமாக ஓரமாக அணைத்து என்னைச் சரளையில் இறக்கினான். விழுந்தேன். முழங்கால் சில்லு வெள்ளையாகத் தெரிந்தது. நான் எழுவதற்குள் பின்னால் ஒரு சத்தம். நீங்கள் மொபெட்டை அவன் பைக்கிலேயே கொண்டுபோய் மோதியிருந்தீர்கள். அவன் விழுந்தான். நெத்திலிப் பொட்டலம் ரோடெல்லாம் சிதறியது. விழுந்தவனை எழவிடாமல் விளாறால் சாத்தினீர்கள். முதுகு, தோள், கை. தடுக்கத் தலையைத் தூக்கியவனுக்குப் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. “அக்கா, அக்கா” என்று கத்தினான். பிறகு வண்டியை நிமிர்த்தி, உதைத்து, என் பக்கத்தில் வந்து சேர்ந்தீர்கள். உங்கள் முழங்கையிலும் தோல் இல்லை.

“என்ன பாக்குற? ஓடு.”

அந்த வருஷமும் கோப்பை நமக்கே.

மூன்றாம் வருஷத்தை எழுத இப்போதும் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

அந்தப் பங்குனி வெயில் காலை எட்டு மணிக்கே கொளுத்தியது. கீரனூரில் நம் தெருவே நின்று கை தட்டியது. குளத்தூர் பக்கம் எனக்கு வியர்வை நின்றுபோனது. அது எனக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்தது. தண்ணீரை நீட்டினீர்கள், தட்டிவிட்டேன். நார்த்தாமலை விலக்கு வருவதற்குள் ரெண்டு தடவை லாரிக்குக் குறுக்கே போனேனாம். உங்களை “அம்மா” என்று கூப்பிட்டேனாம். எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் ஒன்றுதான்: முன்னால் யாரும் இல்லை, கோப்பை எனக்கு.

“உக்காருடி. செத்த நேரம் உக்காந்துட்டுப் போ.”

“மாட்டேன்.”

“ஒன் தோலு காஞ்சு கெடக்கு. நான் சொல்றதக் கேளு புள்ள.”

அப்போது நான் சொன்னேன். தெளிவாகவே சொன்னேன், மயக்கத்தின் மேல் பழி போடப் போவதில்லை. “வாழ வக்கில்லாம பெறந்த வீட்டுல வந்து கெடக்குறவதானே நீ. நான் செயிக்கிறது ஒனக்குப் பொறுக்கல.” நீங்கள் என்றுதான் அதுவரை கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல்முதலாக நீ.

மொபெட் சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் கூடவே வந்தது. பிறகு கெண்டைக்காலில் சுரீரென்று விழுந்தது. இன்னொன்று. மூன்றாவதில் தோல் பிரிந்தது. நடுவர், வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர், பைக்கில் பக்கத்தில் வந்துகொண்டிருந்தார்.

“பாத்துக்கங்க சார், தொட்டுட்டேன்.”

“கம்பு பட்டாக் கணக்கில்லம்மா. கை படணும்.”

நீங்கள் வண்டியை நிறுத்தினீர்கள். அந்த அவசரத்திலும் ஸ்டாண்டு போட்டீர்கள். நடந்து வந்து, என் கன்னத்தில் விட்டீர்கள் ஓர் அறை. இப்போதும் இடது காதில் அந்த இரைச்சல் இருக்கிறது.

“இப்பக் கணக்கா சார்?”

எவர்சில்வர் பாட்டிலைப் பிடுங்கி உங்கள் வாயில் அடித்தேன். பல் உடைந்த சத்தம் கேட்டது. நீங்கள் துப்பக்கூட இல்லை. ரெண்டு கையாலும் என் முடியைப் பிடித்துப் புளியமர நிழலுக்கு இழுத்துப் போனீர்கள். கீழே தள்ளி நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து, இருந்த தண்ணீரையெல்லாம் தலையில் கொட்டினீர்கள். உங்கள் வாயிலிருந்து ரத்தம் என் முகத்தில் சொட்டியது. உங்கள் மணிக்கட்டைக் கடித்தேன். செவலை என்னைக் கடித்த மாதிரியே கடித்தேன். நீங்கள் இறங்கவில்லை. பொன்னமராவதிக்காரியின் கால்கள் என் கண்ணுக்கு நேரே ஓடிப் போயின. எல்லைக் கோட்டுக்குப் பதினைந்து கிலோமீட்டர்தான் மிச்சம் இருந்தது.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் நாலு நாள். “இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓடியிருந்தா ஒன்னய வேற ரூமுக்குத்தான் கொண்டு போயிருப்போம்” என்றார் டாக்டரம்மா. எனக்குப் புரிந்தது. அன்றைக்கே புரிந்தது. புரிந்ததும் இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது, அதுதான் என் லட்சணம். நாலு நாளும் வாயில் துணியை வைத்து அழுத்திக்கொண்டு நீங்கள் வாசலில் நின்றீர்கள். உள்ளே விடாதீர்கள் என்று நர்சிடம் நான்தான் சொன்னேன்.

அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ரெண்டு மாதம் குறைவாக, ஒரே வீட்டில் பேசாமல் இருந்தோம். கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று நீங்கள் குவைத்துக்குப் போன் போட்டுச் சொல்வீர்கள். உங்கள் தம்பி அங்கிருந்து எனக்குப் போன் போட்டுச் சொல்வார். நான் அடுத்த அறையில்தான் இருப்பேன். “ரெண்டு பேரும் சேந்து என்னய போன் ஆபீஸ் ஆக்கிட்டீங்க” என்று அவர் அழாத குறை. நீங்கள் வைத்த குழம்பைத் தொட மாட்டேன். வாசம் தாங்கவில்லை என்று அவர் மூலமாகவே சொல்லி, உங்கள் மொபெட்டை வீட்டுக்குள் ஏற்றவிடாமல் தெருவில் நிறுத்த வைத்தேன். மழையிலும் அங்கேதான் நின்றது. நீங்கள் ஒரு சாக்கை எடுத்துப் பெட்டி மேல் போட்டுவிட்டுப் படுக்கப் போனீர்கள்.

ஒருநாள் எதிர்வீட்டு அக்கா வாசலில் கேட்டாள், “இன்னுமா பேசல ஒங்க தம்பி பொண்டாட்டி?”

“பேசாட்டி என்ன? உசுரோட இருந்து பேசாம இருக்கா. அது போதும்.”

நான் உள்ளே சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்ஸியை மூன்றில் வைத்தேன், மேற்கொண்டு காதில் விழக்கூடாதென்று.

தை மாதம் அன்னவாசல் சந்தையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். ஆட்டோவில் ஏற்றும்போதே முடிந்துவிட்டது. உங்களைப் படுக்க வைத்து வாயைக் கட்டியிருந்தார்கள். கட்டியும் மேலுதடு கொஞ்சம் ஏறி நின்றது. நான் உடைத்த பல்லின் இடம் தெரிந்தது. எல்லாரும் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கு வரவில்லை. கல் மாதிரி இருக்கிறாள் பார் என்று காதுபடவே பேசினார்கள்.

மூன்றாம் நாள் மொபெட்டை எடுத்துவர நான்தான் போனேன். பெட்டி நிறைய விற்காத சரக்கு. அன்னவாசல் எல்லையில் தொடங்கி ஊருக்கு ஊர் நாய்கள் துரத்தின. வண்டி ஆடியது. ஒரு கையால் விளாறை உருவி வீசினேன், எதன் மேலும் படவில்லை. நடுரோட்டில் நிறுத்தி, பெட்டியைக் கவிழ்த்து, கருவாட்டை மொத்தமும் அவற்றுக்கு முன்னால் கொட்டினேன். அவை தின்றன. நான் வண்டியின் மேல் கவிழ்ந்து, உங்களை வாய்க்கு வந்தபடி திட்டி அழுதேன்.

இனி நேற்று.

பொன்னமராவதிக்காரிக்கு நேற்று மூன்றாவது வருஷம். நீங்கள் கை வைத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் அவள்தான். நேற்றும் ஜெயித்தால் கோப்பை அவளுக்கே. நான் லீவு போட்டுவிட்டு, தண்ணீர் கேன்களோடு உங்கள் மொபெட்டில் போய் நார்த்தாமலை விலக்கில் நின்றேன். தூரத்தில் வரும்போதே தெரிந்துவிட்டது. கால் கோடு போட்டுக்கொண்டு வந்தது. முகத்தில் ஈரமே இல்லை. பக்கத்தில் அவள் புருஷன் பைக்கில், புருவத்தில் உங்கள் தழும்போடு. நானும் வண்டியை எடுத்துக் கூடவே போனேன்.

“கை வைங்க,” என்றேன்.

“மூணாவது வருசம்க்கா. கோப்பை...”

“அவ நெலமையப் பாத்தீங்களா இல்லையா? கை வைங்க.”

“வச்சா காலத்துக்கும் எங்கூடப் பேச மாட்டாக்கா. அவளப் பத்தி ஒங்களுக்குத் தெரியாது.” சொல்லிக்கொண்டே அழுதான்.

எனக்கா தெரியாது! அவள் முழங்கால் மடங்கி விழுந்தாள். தாரில் முகம் பட்டு உதடு கிழிந்தது. தானே எழுந்தாள், சிரித்தாள், வந்த திசையிலேயே திருச்சியைப் பார்த்து ஓடப் போனாள். வெள்ளைத் தொப்பி நடுவர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். அவன் கையை நீட்டுவான், இழுத்துக்கொள்வான். நான் ஸ்டாண்டு போட்டேன். விளாறை உருவினேன்.

அடித்தேன் அத்தாச்சி. அவனைத்தான் அடித்தேன். நீங்கள் அடித்த அதே முதுகில், சட்டை கிழிகிற மாதிரி அடித்தேன். “பேச மாட்டா. ஆமா, பேச மாட்டா. சோறு வச்சாத் திங்க மாட்டா. உசுரோட இருந்து பேசாம இருக்கட்டும்யா! போய்த் தொடு!” நாலாவது அடியிலோ ஐந்தாவதிலோ விளாறு முறிந்தது. கையில் மிச்சமிருந்த துண்டாலும் அடித்தேன். அது ரெண்டானது. அவன் பைக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடி, பின்னாலிருந்து அவளைக் கட்டிப் பிடித்தான். அவள் திரும்பி அவன் முகத்தை நகத்தால் பிறாண்டினாள். அதே புருவம் மறுபடி கிழிந்தது. விடவில்லை அவன். நான் காலைப் பிடித்தேன், வாயில் உதைத்தாள். ரெண்டு பேருமாகத் தூக்கி நிழலில் போட்டுத் தண்ணீரைக் கொட்டினோம். அங்கே புளியமரம் ஒன்றுதான் மிச்சமிருக்கிறது. அதே மரமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சாயங்காலம் அவனிடமிருந்து போன் வந்தது. “கண்ணு முழிச்சுட்டாக்கா. என்னய வெளிய போகச் சொல்லிட்டா.”

“போயிட்டீங்களா?”

“வாசல்லதான் நிக்கிறேன்.”

“அங்கிட்டு இங்கிட்டு போகாதீங்க. அங்கேயே நில்லுங்க,” என்றேன். உதைபட்ட உதடு வீங்கியிருந்தது.

ராத்திரி முழுக்க அந்த வாசல்தான் கண்ணில் நின்றது. நாலு நாள் நின்றீர்களே. நான் பேசமாட்டேன் என்று தெரிந்தேதான் கை வைத்தீர்கள் என்பதை அவன் அழுகையைப் பார்த்துத்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன். என்னை மன்னித்துவிடுங்கள் அத்தாச்சி. உயிரோடு இருந்தபோது மிக்ஸியை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

என் கெண்டைக்காலில் நாயின் பல் நாலு, உங்கள் விளாறு மூன்று கோடு. மழைநாளில் உங்கள் கோடுகள்தான் அதிகம் அரிக்கின்றன. காலையில் பங்குக்குப் போகிற வழியில் ஒரு புளியங்கிளை வெட்டி வந்தேன். அடுப்பில் வாட்டி, எண்ணெய் தடவி, ஹேண்டிலில் கட்டியிருக்கிறேன். உங்கள் கை அளவுக்கு நேராக வரவில்லை. ஒடிந்த ரெண்டு துண்டும் பெட்டிக்குள் இருக்கின்றன. பெட்டியை இனிக் கழுவமாட்டேன்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்துபோய், தெருவில் நின்ற மொபெட்டைப் படியில் ஏற்றினேன். கனமான வண்டி, முன்சக்கரம் ரெண்டு தடவை சறுக்கியது. எதிர்வீட்டு அக்கா பார்த்துக்கொண்டுதான் நின்றாள். பார்க்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்:

“உள்ள வாங்க அத்தாச்சி.”